எம்மெட் தீசிஸ் ஏன் இழுக்குது: டாக்டருங்களுக்கு ஆராய்ச்சி கத்துக்கொடுக்கறது பத்தி டர்பன்ல இருந்து

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க கல்யாணம் காதுகுத்துன்னு கூடுற இடத்துல இந்தப் பேச்சு இப்பல்லாம் அடிக்கடி வருது. பையனோ பொண்ணோ ஸ்பெஷலிஸ்ட் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு, ரெஜிஸ்ட்ராரா, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சில இருக்கற டாக்டரா, நாலு வருஷம் வேலையும் பாத்தாச்சு, ஆனா இன்னும் ஸ்பெஷலிஸ்ட்னு பதிவு பண்ண முடியல, ஏன்னு கேட்டா "ரிசர்ச் முடியல ஆன்ட்டி"ங்கறாங்க. பெரியவங்களுக்கு இது பிடிபடவே மாட்டேங்குது. வைத்தியம் பாக்கறவங்களுக்கு எதுக்கு ஆராய்ச்சி, அது லேபுல உக்காந்திருக்கறவங்க வேலைதானேன்னு கேக்கறாங்க. நான் இங்க மருத்துவ ஆராய்ச்சில புள்ளியியல் பக்கம் இருக்கறவ, ரெஜிஸ்ட்ராருங்க கொண்டு வர்ற டேட்டாவோடதான் என் பொழுது போகுது, அதனால இத விளக்கமா ஒரு தடவ எழுதிடணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல ரூல் என்னன்னு பாத்துடலாம். எச்பிசிஎஸ்ஏ-ன்னு சொல்ற இங்கத்த மருத்துவ கவுன்சில், 2011 ஜனவரி 1-ல இருந்து ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்கு வர்றவங்க எல்லாரும் ஒரு ஆராய்ச்சி முடிச்சிருந்தாதான் பதிவுன்னு சொல்லிருச்சு. அதுக்கு முன்னாடி காலேஜஸ் ஆஃப் மெடிசின் நடத்தற ஃபெலோஷிப் பரீட்சை பாஸ் பண்ணினா போதும், எம்மெட்ங்கற ஆராய்ச்சியோட சேந்த மாஸ்டர்ஸ் பட்டம் வேணுங்கறவங்க பண்றது. இப்போ ரெண்டும் வேணும். யோசிச்சுப் பாருங்க, ஆறு வருஷம் எம்பிசிஎச்பிங்கற டாக்டர் படிப்பு, ரெண்டு வருஷம் இன்டர்ன்ஷிப், ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ், அப்புறம் மெடிக்கல் ஆபீசரா இருந்துக்கிட்டே ரெஜிஸ்ட்ரார் போஸ்டுக்கு காத்துக்கிட்டு இருக்கணும், கிடைச்சதும் நாலு வருஷம் ராப்பகலா ஆன்-கால் டியூட்டி, பரீட்சைக்குப் படிப்பு, குழந்தை குட்டி, இதுக்கு நடுவுல ஒரு ஆராய்ச்சியும் சொந்தமா யோசிச்சு, அனுமதி வாங்கி, டேட்டா சேத்து, எழுதி, எக்ஸாமினர்கிட்ட பாஸ் வாங்கணும்.

ரூல் தப்புன்னு நான் சொல்ல வரல. ஸ்பெஷலிஸ்ட்டா வர்ற ஒருத்தர், ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு யாராவது பேப்பர் போட்டா அத நம்பலாமா வேண்டாமான்னு தானே முடிவு பண்ணத் தெரிஞ்சிருக்கணும், ஒரு தடவயாவது அந்த வேலைய முழுசா பண்ணிப் பாத்தாதான் அது வரும். பிரச்சன என்னன்னா, தீசிஸ் கேட்டாங்க, கத்துக்கொடுக்கறதுக்கு ஆளும் நேரமும் அதே அளவுக்கு வரல. கிளினிக்கல் ரிசர்ச் ஒரு கைவேலை. லெக்சர் கேட்டு வராது, தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து பண்ணினாதான் வரும். அது எப்படின்னு காட்டத்தான் இந்தக் கட்டுரை.

என் மேசைக்கு வர்ற எக்ஸெல் ஷீட்ட ஒண்ண கிட்டத்துல பாப்போம். குழந்தைகள் வார்டுல டாக்டருங்க வயச "5/12"ன்னு எழுதுவாங்க, அஞ்சு மாசக் குழந்தைன்னு அர்த்தம், பிரிட்டிஷ் வழக்கத்துல படிச்ச டாக்டருங்க அப்படித்தான் எழுதறாங்க. அத அப்படியே எக்ஸெல்ல அடிச்சா அது தேதின்னு நெனச்சு டிசம்பர் 5-ன்னோ மே 12-ன்னோ மாத்திடும். முந்நூறு குழந்தைங்க ஃபைல உக்காந்து ராத்திரி ராத்திரியா ஏத்தியிருப்பாங்க, கடைசில வயசு போடற காலத்துல (மேல இருந்து கீழ போற கட்ட வரிசைல) பாதி தேதியா நிக்கும். பக்கத்து காலத்துல பிளட் பிரஷர் 140/90-ன்னு ஒரே கட்டத்துக்குள்ள இருக்கும், கீழ ஒண்ணுல "ஹை"ன்னு எழுதியிருக்கும், ஒண்ணு காலியா இருக்கும், காலியா இருக்கறது அளக்கலன்னு அர்த்தமா, ஃபைல்ல கிடைக்கலன்னு அர்த்தமா, நார்மல்ங்கறதால எழுதலயான்னு இப்போ யாருக்கும் தெரியாது. புத்தியில குறை சொல்ல முடியாது, இவங்க நடுராத்திரில ஒரு குழந்தையோட உயிரக் காப்பாத்திட்டு வந்து இத அடிக்கறவங்க. டேட்டா ஏத்தறதுக்கு முன்னாடி யாராவது அரை மணி நேரம் கூட உக்காந்து, வயச மாசக் கணக்குல ஒரே எண்ணா போடு, மேல் பிரஷர் ஒரு காலம் கீழ் பிரஷர் ஒரு காலம், இல்லாததுக்கு தனிக் குறியீடு ஒண்ணு வை, முதல்ல பத்து ஃபைல் மட்டும் ஏத்திப் பாத்துட்டு ஃபார்ம மாத்துன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது.

அடுத்தது எண்ணிக்கை. போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்து இங்கயே செட்டில் ஆன குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி, ரெஜிஸ்ட்ரார், வந்து கேட்டா: "அக்கா, ரெண்டு மருந்த கம்பேர் பண்றேன், இந்தப் பக்கம் 30 பேரு அந்தப் பக்கம் 30 பேரு, போதும்ல?" பழைய மருந்துல நூத்துக்கு 30 பேருக்கு சிக்கல் வருது, புது மருந்துல 20 பேருக்குத்தான் வருதுன்னு வச்சுக்குவோம், இது நெஜமாவே பெரிய முன்னேற்றம், பத்து பேருக்கு ஒருத்தர் தப்பிக்கறாங்க. அவ சொன்ன கணக்குல பழைய மருந்துல 9 பேரு, புதுசுல 6 பேருன்னு வரும். மூணு பேரு வித்தியாசம் சும்மா தற்செயலாவே வரும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்த 80 சதவீத வாய்ப்போட கண்டுபிடிக்கணும்னா ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 290 பேர் வேணும், மொத்தம் 580 பேரு. ஒரு ஆஸ்பத்திரில ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு அது எட்டாத தூரம். சொன்னதும் அவ முகம் விழுந்து போச்சு, "அப்போ ஒரு வருஷம் வீணா அக்கா?"ன்னா. வீணில்ல, கேள்விய மாத்தினோம், எந்த மருந்து நல்லதுன்னு கேக்காம, நம்ம வார்டுல இந்த சிக்கல் எத்தன பேருக்கு வருது, எந்த நாள்ல வருதுன்னு பாத்தோம், அதுக்கு இருக்கற ஆளுங்க போதும், பதிலும் அந்த வார்டுக்கு உபயோகமானது. ஆனா இந்தப் பேச்சு புரோட்டோகால்ங்கற ஆராய்ச்சித் திட்டத்த எழுதறதுக்கு முன்னாடி நடந்திருக்கணும். புள்ளியியல்காரங்ககிட்ட டேட்டா சேத்த பிறகு வர்றது இங்க வழக்கமா ஆயிருச்சு, அத நான் சண்ட போட்டாவது மாத்தணும்னு நெனைக்கறேன்.

அப்புறம் அனுமதி. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துல படிக்கறவங்கன்னா துறையோட போஸ்ட்கிராஜுவேட் கமிட்டி, அடுத்து பிரெக்னு சொல்ற பயோமெடிக்கல் எத்திக்ஸ் கமிட்டி, ஆஸ்பத்திரி மேலாளரோட கடிதம், மாகாண சுகாதாரத் துறையோட ஒப்புதல், அது தேசிய ஆராய்ச்சி டேட்டாபேஸ் வழியா ஆன்லைன்ல போடணும். புது மருந்து டிரையல்னா இது பத்தாது, மருந்துகள ஒழுங்குபடுத்தற சாப்ராவோட அனுமதி, தேசிய டிரையல் ரெஜிஸ்டர்ல பதிவு, இன்சூரன்ஸ், எல்லாருக்கும் குட் கிளினிக்கல் பிராக்டிஸ் சர்டிஃபிகேட், அத மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கவும் வேணும். 2021 ஜூலைல இருந்து போபியாங்கற தனிநபர் தகவல் சட்டமும் முழுசா அமலுக்கு வந்துருச்சு, பேஷண்ட் ஃபைல மொபைல்ல போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பிக்கறதெல்லாம் இனி கூடாது. இது மாசக்கணக்குல இழுக்கும், நாலு வருஷத்துல மூணாவது வருஷம்தான் டாபிக் யோசிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு இங்கதான் கழுத்து மாட்டுது.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு சலிச்சுக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு, நம்ம நாட்டுக் கதைதான். ஜோகனஸ்பர்க்ல விட்ஸ் பல்கலைக்கழகத்துல வெர்னர் பெஸ்வோடான்னு ஒரு புற்றுநோய் டாக்டர். மார்பகப் புற்றுக்கு ரொம்ப அதிக டோஸ் கீமோ கொடுத்து, ஸ்டெம் செல்லால உடம்ப மீட்டெடுக்கற சிகிச்சை அப்போ உலகம் பூரா பேசப்பட்டது. 1999-ல அமெரிக்கால நடந்த பெரிய புற்றுநோய் மாநாட்டுல இதப் பத்தின பல டிரையல்களோட ரிசல்ட் வந்துச்சு, மத்த இடத்துல பெருசா பலன் இல்ல, இவரோடதுல மட்டும் பிரமாதம்னு வந்துச்சு. அதையே இன்னும் பெருசா பண்ணிப் பாக்கலாம்னு அமெரிக்காவுல இருந்து ஒரு குழு 2000 ஜனவரில நேர்ல வந்து ரெக்கார்டுகள பாத்தா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு வச்ச கண்ட்ரோல் குரூப்புக்கு கொடுத்ததா சொன்ன மருந்து வேற கொடுத்தது வேற, கையெழுத்து போட்ட சம்மதப் படிவங்களயும் காணோம். அவரே தப்ப ஒத்துக்கிட்டு வேலையும் போச்சு. இதுக்கு நடுவுல உடம்ப உருக்குற அந்த சிகிச்சைய எத்தன பொம்பளைங்க நம்பிக்கையோட எடுத்துக்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

அதனாலதான் பயிற்சில சின்னச் சின்ன விஷயத்துக்குக்கூட அவ்வளவு அழுத்தம். பேப்பர் ஃபார்ம்ல ஒரு எண் தப்பா எழுதிட்டா டிப்பெக்ஸ் போட்டு அழிக்கக் கூடாது, மேல ஒரே ஒரு கோடு, பழைய எண் தெரியணும், பக்கத்துல சரியான எண், இனிஷியல், தேதி. எந்த வேலைய யார் பண்ணலாம்னு ஒரு லாக் ஷீட், அதுல பேரு இல்லாதவங்க ரத்தம்கூட எடுக்கக் கூடாது. இதெல்லாம் குமாஸ்தா வேலைன்னு நெனைக்கற டாக்டருங்க இருக்காங்க. பத்து வருஷம் கழிச்சு வேற யாரோ வந்து அந்த ஃபார்ம எடுத்துப் பாத்தா என்ன நடந்துச்சுன்னு அப்படியே தெரியணும், அதுக்குத்தான்.

சம்மதம் வாங்கறதும் அப்படித்தான். இங்க ஆராய்ச்சில சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க இசிசுலு பேசறவங்க, படிவம் இசிசுலுல இருக்கணும், அத வேற ஒருத்தர் திருப்பி இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து ஒத்துப் பாக்கணும். நல்ல ரிசர்ச் நர்ஸ் ஒருத்தங்க சம்மதம் வாங்கறத பக்கத்துல இருந்து பாத்தா அதுவே பெரிய பாடம். படிச்சுக் காட்டிட்டு "புரிஞ்சுதா"ன்னு கேக்க மாட்டாங்க, கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. "வீட்டுக்குப் போனதும் உங்க அம்மா கேட்டா இது என்னன்னு சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க"ம்பாங்க. அந்தம்மா சொல்றதுல "எனக்கு நல்ல மருந்து தர்றாங்க"ன்னு வந்தா, எந்த மருந்து யாருக்குன்னு குலுக்கல்ல முடிவாகும், டாக்டருக்கே தெரியாதுன்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. சேந்துக்கறவங்களுக்கு நேரம், சிரமம், செலவு மூணுக்கும் கணக்குப் போட்டு பணம் கொடுக்கற முறை இங்க இருக்கு, அது கூலியும் ஆகக் கூடாது, ஆசை காட்டறதாவும் ஆகக் கூடாது, அந்த அளவு எதுன்னு எத்திக்ஸ் கமிட்டில உக்காந்து விவாதிக்கறாங்க.

இப்போ டர்பன் என்ன சாதிச்சுதுன்னு சொல்றேன், ஏன்னா நல்லபடியா கத்துக்கொடுத்தா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு சாட்சி இந்த ஊருலயே இருக்கு.

வார்விக் சந்திப்புப் பக்கம் பிரின்ஸ் சிரில் சுலு சென்டர்னு டிபி கிளினிக் இருக்கு. 2000-களோட நடுவுல அங்க வர்றவங்கள்ல ஏகப்பட்ட பேருக்கு டிபியும் எச்ஐவியும் சேந்தே இருந்துச்சு. ரெண்டு மருந்தயும் ஒண்ணா கொடுத்தா மாத்திரை அதிகம், மருந்துக்கு மருந்து ஒத்துக்காம போகலாம், உடம்பு திடீர்னு எதிர்வினை காட்டலாம்னு பயந்து, நிறைய டாக்டருங்க டிபிய முடிச்சுட்டு அப்புறம் எச்ஐவி மருந்து ஆரம்பிச்சாங்க. எது சரின்னு யாருக்கும் நிச்சயமா தெரியாது. கேப்ரிசாங்கற டர்பன் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தோட குழு 642 பேர வச்சு சாப்பிட்னு ஒரு டிரையல் நடத்துனாங்க. சுயேச்சையான பாதுகாப்புக் குழு இடையில டேட்டாவ பாத்துட்டு, 2008 செப்டம்பர்ல, தள்ளிப்போடற பக்கத்த நிறுத்துங்க, எல்லாருக்கும் உடனே மருந்து கொடுங்கன்னு சொல்லிருச்சு. சேத்துக் கொடுத்தவங்ககிட்ட சாவு 56 சதவீதம் கம்மி. 2010-ல வெளிவந்த அந்தப் பேப்பர்ல சலீம் அப்துல் கரீமோட கோகிலியம் நாயுடு, நெஸ்ரி படையாச்சி பேரெல்லாம் இருக்கு, நாயுடு படையாச்சின்னு அந்தப் பேருங்கள ஒரு சர்வதேச மருத்துவ இதழ்ல பாக்கும்போது எனக்கு வர்ற சந்தோஷத்த மறைக்க விரும்பல. அந்த ஆளுங்க வானத்துல இருந்து குதிக்கல. 1993-ல இருந்து அமெரிக்காவோட ஃபோகார்ட்டி நிதில, கொலம்பியா பல்கலைக்கழகத்தோட சேந்து, குவாரைஷா அப்துல் கரீம் முன்ன நின்னு நடத்துன பயிற்சித் திட்டம் ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு, தென்பகுதி ஆப்பிரிக்கால 600 பேருக்கு மேல அதுல பயிற்சி எடுத்தாங்க. சிலர் நியூயார்க் போய் மாஸ்டர்ஸ் படிச்சுட்டு வந்தாங்க, நிறைய பேரு இங்கயே இருந்துக்கிட்டே, வேலை பாத்துக்கிட்டே கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்தவங்களுக்கு உக்காந்து வேலை பாக்க ஒரு டிரையல் இருந்துச்சு. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்னு நான் நெனைக்கறேன், படிச்சுட்டு வந்து வெறும் வார்டு டியூட்டிக்கே திரும்பிப் போனவங்க கத்துக்கிட்டதும் மங்கிப் போயிடும்.

ஜெயிச்ச கதைய விட தோத்த கதைதான் அதிகம் சொல்லிக்கொடுக்கும். 2010-லயே கேப்ரிசா 004-ன்னு இன்னொண்ணு, 889 பொண்ணுங்க, உடலுறவுக்கு முன்னயும் பின்னயும் டெனோஃபோவிர் ஜெல் போட்டுக்கிட்டா எச்ஐவி தொத்தறது 39 சதவீதம் குறையுதுன்னு வியன்னா மாநாட்டுல சொன்னப்போ அரங்கமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. அத உறுதி பண்ண நாடு பூரா 2,059 பேர வச்சு ஃபேக்ட்ஸ் 001 நடத்துனாங்க, 2015-ல ரிசல்ட், பலன் இல்ல. நடுவுல எச்ஐவிய தடுக்க தினமும் மாத்திரையோ ஜெல்லோ கொடுத்துப் பாத்த வாய்ஸ்னு ஒரு டிரையல், தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேன்னு 5,029 பேரு, மருந்து ஒழுங்கா எடுத்தோம்னு 90 சதவீதம் அளவுக்கு சொன்னாங்க, ரத்தத்த சோதிச்சா 30 சதவீத மாதிரிகள்லயோ அதுக்கும் கம்மியாவோதான் மருந்து இருந்துச்சு. இத அந்தப் பொண்ணுங்க பொய் சொல்லிட்டாங்கன்னு முடிச்சுட்டா ஒண்ணும் கத்துக்கல. வீட்டுல ஆம்பளைக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கணும், மாத்திரை டப்பாவ பாத்தா உனக்கு எச்ஐவியான்னு பக்கத்து வீடு கேக்கும், தினமும் ஒரு மாத்திரைங்கறது அவங்க வாழ்க்கைக்கு ஒத்து வரல. அங்க இருந்துதான் நீண்ட நாள் வேலை செய்யற ஊசி வேணும்ங்கற எண்ணம் வலுத்துச்சு. 2024-ல பர்பஸ் 1 டிரையல், தென்னாப்பிரிக்காவும் உகாண்டாவும், ஆறு மாசத்துக்கு ஒரு லெனகாபவிர் ஊசி போட்ட 2,134 பேர்ல ஒருத்தருக்குக்கூட எச்ஐவி தொத்தல. தோத்த டிரையலயும் நேர்மையா நடத்தி, நேர்மையா எழுதத் தெரிஞ்சவங்க இல்லன்னா இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

கவனமா கேட்டு எழுதறதோட பலனுக்கு இன்னொரு டர்பன் உதாரணம். அன்னா கூட்சூடிஸும் ஜெர்ரி குவாடியாவும் இருந்த குழு, எச்ஐவி இருக்கற கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தா குழந்தைக்கு தொத்தறது குறையுமான்னு பாத்தாங்க. வைட்டமின் கைகொடுக்கல. ஆனா ஒவ்வொரு விசிட்லயும் குழந்தைக்கு என்ன கொடுத்தாங்கன்னு கேட்டு எழுதி வச்சிருந்தாங்க, வெறும் தாய்ப்பாலா, கூட தண்ணி, கஞ்சி, பால்பவுடர் ஏதாவதா. 1999-ல அத பிரிச்சுப் பாத்தா மூணு மாசத்துல, வெறும் தாய்ப்பால் குடிச்ச குழந்தைகள்ல 14.6 சதவீதம், கலந்து குடிச்ச குழந்தைகள்ல 24.1 சதவீதம் தொற்று. உலகம் பூரா எச்ஐவி தாய்மார்களுக்கு சொல்ற ஆலோசனையே அப்புறம் மாறிப் போச்சு. "தாய்ப்பால் கொடுக்கறீங்களா, ஆமா இல்ல"ன்னு ஒரே கேள்வியோட ஃபார்ம் போட்டிருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

இந்த ஊர் மெடிக்கல் காலேஜுக்கு ஒரு வரலாறும் இருக்கு. நம்ம முன்னோருங்க 1860-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கினாங்க, எழுபது எண்பது வருஷம் ஆகியும் டாக்டர் ஆகணும்னா இங்க வழி இல்ல, டாக்டர் குணமும் மான்ட்டி நாயக்கரும் எடின்பரோ போய்த்தான் படிச்சாங்க. 1951-ல கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரிய ஒட்டி, வெள்ளையர் அல்லாதவங்களுக்குன்னு நடால் பல்கலைக்கழகம் மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்சது, ஒதுக்கி வைக்கறதுக்காக கட்டுன கட்டடம், அதுலதான் நான் மேல சொன்ன ஆராய்ச்சி டாக்டருங்கள்ல பல பேரு உருவானாங்க. பேஷண்ட் கூட்டம் அலைமோதுற ஆஸ்பத்திரி, காசு கம்மி, ஆனா கேள்விக்குப் பஞ்சமில்ல. கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு பத்தி ஜாக் மூட்லி அங்க பல வருஷம் உழைச்சது, நாட்டோட பிரசவ மரணங்கள ஒண்ணொண்ணா ஆராயற கமிட்டிக்கு அவர் தலைமை தாங்கினதெல்லாம் அந்த வார்டுல இருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்குன்னு இங்க நிறைய பேருக்குத் தெரியாது. 1956-ல மெட்ராஸ்ல டிபி கீமோதெரபி சென்டர் ஆரம்பிச்சாங்க, இப்போ சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதோட தொடர்ச்சி. 193 ஏழைப் பேஷண்டுங்கள ரெண்டாப் பிரிச்சு பாதிப் பேர சானடோரியத்துல, பாதிப் பேர அவங்க நெருக்கடியான வீட்டுலயே வச்சு ஒரே மருந்த கொடுத்தாங்க, 1959-ல ரிசல்ட் வந்துச்சு, குணமாகறதுல பெருசா வித்தியாசம் இல்ல, வீட்டுல இருக்கறவங்களுக்கும் கூடுதலா தொத்தல. மலைக்காத்தும் முட்டையும் பாலும் படுக்கையும்தான் டிபிய குணமாக்கும்ங்கற நம்பிக்கை அதோட போச்சு, உலகமே வீட்டு சிகிச்சைக்கு மாறுச்சு. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்ல இருந்து வாலஸ் ஃபாக்ஸ் வந்து மெட்ராஸ் டாக்டருங்களோட அஞ்சு வருஷம் தங்கி வேலை பாத்தாரு, அவரு போனதுக்கு அப்புறமும் அந்த சென்டர் தானா நின்னுச்சு. பக்கத்துல உக்காந்து கத்துக்கறதுன்னு நான் சொன்னது இதத்தான்.

சரி, இப்போ படிப்பு என்னென்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: எம்மெட் ஸ்பெஷலிஸ்ட் ஆகறதுக்கான ஒரு சின்ன ஆராய்ச்சி, அதோட நிறுத்திக்கறவங்கதான் அதிகம். ஆராய்ச்சியே வாழ்க்கைன்னு முடிவு பண்ணினவங்களுக்கு ஸ்டெல்லன்போஷ்ல கிளினிக்கல் எபிடெமியாலஜி மாஸ்டர்ஸ், விட்ஸ்ல எபிடெமியாலஜி மாஸ்டர்ஸ், டர்பன்லயே மெடிக்கல் சயின்ஸ் மாஸ்டர்ஸும் பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸும், அதுக்கு மேல பிஎச்டி. ஒரு எம்மெட்ட முடிச்சவங்க டிரையல் நடத்தத் தயார்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம், டிரையல்ல சப்-இன்வெஸ்டிகேட்டரா சில வருஷம் இருந்துட்டுதான் முதன்மைப் பொறுப்புக்கு வரணும்.

ஆளு பத்தலங்கற கவலை புதுசில்ல. 2009-லயே தென்னாப்பிரிக்க அறிவியல் அகாடமி, போங்கானி மயோசி தலைமைல ஒரு குழு போட்டு, கிளினிக்கல் ரிசர்ச் இந்த நாட்டுல தேஞ்சுக்கிட்டே போகுது, மீட்டெடுக்கணும்னு அறிக்கை கொடுத்துச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துல ஆயிரம் பிஎச்டிங்கற குறிக்கோளோட தேசிய ஹெல்த் ஸ்காலர்ஸ் திட்டம் வந்துச்சு, டாக்டருங்க சம்பளம் குறையாம லீவு எடுத்து ஆராய்ச்சி பண்ண உதவி. குடும்பத்தையே ஒரு சம்பளத்துல தாங்கற ஒருத்தர ஸ்காலர்ஷிப்ல மூணு வருஷம் இருன்னா யாரு வருவாங்க, அதனால அந்தத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மயோசி 2018-ல போய்ச் சேந்துட்டாரு, இந்த நாட்டுக்கு அது ஈடு கட்ட முடியாத இழப்பு.

இப்போ பெரிய அடி காசுல விழுந்திருக்கு. 2025 பிப்ரவரில அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டு தென்னாப்பிரிக்காவுக்கு உதவிய நிறுத்துனாரு, எச்ஐவி தடுப்பூசிக்காக ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே முன்ன நின்னு நடத்துன பிரில்லியன்ட் திட்டம் டிரையல் தொடங்கற நேரத்துல நின்னு போச்சு, மே மாசம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளிநாட்டுக்கு துணை மானியம் கொடுக்கற முறையையே நிறுத்தி வச்சுது. செய்தில டிரையல் நின்னதத்தான் பேசுனாங்க. ஆனா அந்த டிரையல்கள்தான் ரெஜிஸ்ட்ராருங்களுக்கும் பிஎச்டி பசங்களுக்கும் வகுப்பறை. ரிசர்ச் நர்ஸ், டேட்டா மேனேஜர், ஃபார்மசிஸ்ட் எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க, வேலை போனா கலைஞ்சு போயிடுவாங்க, மறுபடி காசு வந்தாலும் அந்தக் கைங்கள ஒண்ணு சேக்க வருஷக்கணக்கு ஆகும். தடுப்பூசிய விட எனக்கு இந்தக் கவலைதான் தூக்கத்தக் கெடுக்குது.

வெளிக்காசு இல்லாமலே பண்ணக்கூடியது சிலது இருக்கு. ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் தனித்தனியா 60 பேர தேடிக்கிட்டு அலையறதுக்கு பதிலா, ஒரு துறையே சேந்து ஒரு ரெஜிஸ்டர் வைக்கலாம், வர்ற எல்லா பேஷண்டயும் ஒரே ஃபார்ம்ல, ஒரே எத்திக்ஸ் அனுமதில, வருஷாவருஷம் ஏத்திக்கிட்டே வந்தா நாலு வருஷத்துல 600 பேர் தானா சேந்துடுவாங்க, ஒவ்வொருத்தரும் அதுல இருந்து ஒரு கேள்விய எடுத்துக்கலாம், சீனியர் ரெஜிஸ்ட்ரார் ஜூனியருக்கு சொல்லிக் கொடுப்பாங்க. நம்ம ஜனங்களுக்கு இது நேரடியா உபயோகம், நம்ம ஆளுங்க அதிகமா இருக்கற டர்பன் பகுதிங்களான சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ்ல வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி இருக்கு, டர்பன் இந்தியர்கள்ட்ட அது அதிகம்னு இந்த ஊர் ஆராய்ச்சி டாக்டருங்க மோதாலாவும் சீதாத்தும் அவங்க கூட இருந்தவங்களும் எப்பவோ எழுதி வச்சுட்டாங்க, கால்ல புண்ணு வந்து கால எடுக்கற நிலைக்குப் போறவங்கள முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறதுங்கறதுக்கு இந்த ஊர் ஆளுங்களோட பல வருஷத் தொடர்ச்சியான டேட்டா வேணும்.

இந்த வருஷம் ரெஜிஸ்ட்ராரா சேர்றவங்களுக்கு என்னால சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்: டாபிக்க தேடறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர தேடுங்க, பெரிய பேரு இருக்கறவர விட, போன நாலு வருஷத்துல எத்தன ரெஜிஸ்ட்ராருக்கு தீசிஸ் முடிச்சுக் கொடுத்தாருன்னு பாருங்க. முதல் ஆறு மாசத்துக்குள்ள ஒரு பக்கத்துல கேள்விய எழுதி புள்ளியியல்காரங்ககிட்ட காட்டுங்க. வாரத்துக்கு ஒரு அரை நாள் ஆராய்ச்சிக்குன்னு துறைத் தலைவர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்மொழியா சொன்னா ஆன்-கால் ரோஸ்டர் போடறப்போ அது காணாமப் போயிடும்.